நீர் பிரித்து வைத்த நகரம்

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படகு ஏறுகிறார்கள். 1613இல் தோண்டத் தொடங்கிய ஹேரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் ஆகிய கால்வாய்கள் பழைய நகரை அரைவட்டமாகச் சுற்றி ஓடுகின்றன. 2010இல் யுனெஸ்கோ அந்தக் கால்வாய் வளையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கரையைப் பார்த்தபடி படகில் போனால், அந்த ஊரில் யார் எங்கே குடியிருப்பது என்பதைத் தண்ணீரே வகுத்திருக்கிறது என்று விளங்கிவிடும். பெருவணிகர்களுக்கு அகலமான கால்வாய்க் கரை. கைத்தொழிலாளர்களுக்கும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகளுக்கும் வளையத்துக்கு வெளியே யோர்டான் பகுதியின் ஒடுங்கிய சந்துகள். இந்தியாவில் இதற்கு இணையான ஊர் எது என்று கேட்டால் பலர் ஆலப்புழையைச் சொல்வார்கள், சிலர் ஸ்ரீநகரைச் சொல்வார்கள். நான் போர்ட் பிளேரைச் சொல்வேன். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இங்கே பேசப்போவது பெரும்பாலும் பழைய கதை என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். அங்கே வெட்டிய கால்வாய் எதுவும் கிடையாது. கிழக்கே வாய் திறந்த ஒரு வளைகுடாவும் அதற்குள் சிதறிய தீவுகளும் முனைகளும்தான். ஆனால் ஆள்பவர் ஒரு கரையில், அடைபட்டவர் இன்னொரு கரையில், மரம் அறுப்பவர் மூன்றாவது கரையில் என்று அந்த நீரை வைத்து ஒரு நகரத்தையே பங்கு பிரித்திருக்கிறார்கள். அதைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் எதையுமே சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் வாதம்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சத்திலோ, கப்பலில் மூன்று நாள் அளவிலோ வந்து சேரும் பயணிக்குக் கிடைக்கும் வழக்கமான திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. முதல் நாள் செல்லுலார் சிறை, மாலையில் அதன் ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் அபர்தீன் ஜெட்டியிலிருந்து படகில் ராஸ் தீவு, அப்படியே நார்த் பே. மூன்றாம் நாள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ஹேவ்லாக். நேரம் மிஞ்சினால் சாத்தம் மரம் அறுக்கும் ஆலை. வைப்பர் தீவுக்குப் போகிறவர்கள் குறைவு. வளைகுடாவின் வடகரையில் இருக்கும் ஹோப்டவுனை ஓர் இடமாகவே யாரும் குறிப்பிடுவதில்லை. இந்தத் திட்டத்தில் சிறை ஒரு புனிதத் தலம், ராஸ் ஓர் அழகிய இடிபாடு, சாத்தம் ஒரு வேடிக்கை. ஒவ்வொன்றும் தனித்தனி நுழைவுச்சீட்டு, தனித்தனி உணர்ச்சி. ஒன்றால்தான் மற்றொன்று இருந்தது என்ற விஷயம் பயணியின் கண்ணில் படுவதே இல்லை.

இந்த ஊர் ஏன் தண்ணீரின் மேல் எழுந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அளவையாளர் வளைகுடாவுக்குள் இருக்கும் சாத்தம் தீவில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். சில ஆண்டுகளில் அதை அந்தமானின் வடகிழக்குக் கரைக்கு மாற்றினார்கள். நோயும் சாவும் தாங்காமல் 1796இல் அதையும் கைவிட்டார்கள். பிறகு அறுபது ஆண்டுகள் அந்தப் பக்கம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு, பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்ற கேள்வி கம்பெனி அரசுக்கு எழுந்தது. ஃபிரெடெரிக் மௌவாட் தலைமையிலான குழு அந்தமான் கரைகளைச் சுற்றிப் பார்த்து, பிளேரின் பழைய துறைமுகத்தையே சிபாரிசு செய்தது. 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் என்ற மருத்துவர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். சாத்தத்தில் நல்ல தண்ணீர் போதவில்லை. விரைவிலேயே தலைமையிடம் வளைகுடாவின் வாயிலில் நிற்கும் ராஸ் தீவுக்குப் போயிற்று. தீவைத் தேர்ந்ததற்குக் காரணம் வெளிப்படை. கைதி தப்பி ஓடாமலிருக்கவும் கடல் வேண்டும். காட்டிலிருந்து அந்தமானியர் வந்து தாக்காமலிருக்கவும் கடல் வேண்டும். மதில் கட்டும் செலவு மிச்சம்.

அந்த மதிலின் தொடக்க மாதங்கள் எப்படியிருந்தன என்பதற்கு அரசின் சொந்தக் கணக்கே சாட்சி. 1858 ஜூன் நடுப்பகுதி வரை, அதாவது மூன்றே மாதத்தில், வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். மருத்துவமனையில் இறந்தவர் 64. தப்பியோடிப் பிடிபடாதவர் 140. தற்கொலை ஒன்று. தப்ப முயன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவர் 87. மிச்சம் 481. தப்பியவர்களில் பெரும்பாலோர் காட்டில் மடிந்திருக்க வேண்டும். கடலுக்கு அப்பால் பர்மா இருக்கிறது என்ற நம்பிக்கையில் இறங்கியவர்களும் உண்டு. கைதிகளின் பெயர்கள் நமக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் ராஸிலும் சாத்தத்திலும் முதல் மரத்தை வெட்டிச் சாய்த்த கைகள் அவர்களுடையவை. தீவாந்தர தண்டனை என்று நம் கிராமங்களில் அச்சத்தோடு சொல்லப்பட்டது, நடைமுறையில் ஒரு நகரத்தைக் கட்டும் வேலையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்த நகரத்தை முழுதாகக் காட்டும் ஒரு பயணம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு கப்பலில் வந்து இறங்கினார். அன்று அவர் ராஸ் தீவைப் பார்வையிட்டார், பிறகு வளைகுடாவின் உள்ளே மிகக் கடுமையான கைதிகளை வைத்திருந்த வைப்பர் தீவுக்குப் போனார், அங்கிருந்து சாத்தம். மாலையில் இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று வடகரையில் ஹோப்டவுன் ஜெட்டியில் இறங்கி, மவுண்ட் ஹேரியட் மலையில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. ஜெட்டியில் படகு ஏறப்போன வைஸ்ராயை ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றார். எல்லைப்புறத்திலிருந்து கொலைக் குற்றத்துக்காக அனுப்பப்பட்ட பட்டாணியர் அவர். நன்னடத்தையால் ஹோப்டவுனில் நாவிதராக இருக்க அனுமதி பெற்றிருந்தார். மார்ச் 11 அன்று அவரை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். அன்றைய நாளின் வழியை வரைபடத்தில் கோடாக இழுத்துப் பாருங்கள். ஆட்சியின் இருப்பிடம், தண்டனையின் இருப்பிடம், மரவேலைத் தீவு, ஓரளவு சுதந்திரம் பெற்ற கைதிகளின் கரை, அதிகாரிகள் கோடையில் தங்கும் மலை: ஐந்தும் ஒரே நீர்ப்பரப்பைச் சுற்றி நிற்கின்றன, ஒரே நாளில் படகில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில். கைதி தன் விருப்பப்படி அந்த நீரைக் கடக்க முடியாது, வைஸ்ராய் கடக்கலாம். பேரரசின் உச்சியில் இருந்தவர் அந்தக் கரைக்கு வந்ததால்தான் அந்தக் கொலையே சாத்தியமாயிற்று. தண்ணீரால் பிரித்து வைத்திருந்த இரண்டு உலகங்கள் சந்தித்த இடம் அந்த ஜெட்டி. இன்று பயணிகள் படகு அதைக் கடந்து, பழைய இருபது ரூபாய் நோட்டின் படத்தில் வந்த நார்த் பே கலங்கரை விளக்கத்தைக் காட்டிவிட்டுப் போகிறது.

ராஸ் தீவைத் தனியாகப் பார்ப்பதில் உள்ள ஆபத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். ஜெட்டியிலிருந்து படகில் கால் மணி நேரம். 2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இறங்கியதும் புள்ளிமான்கள், மயில்கள், தென்னைகள். தலைமை ஆணையர் மாளிகை, பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம், ரொட்டிக் கிடங்கு, அச்சகம், நீச்சல் குளம், கீழ்நிலை அதிகாரிகளின் கிளப், கல்லறைத் தோட்டம் என்று ஒரு சிறு ஊரின் எலும்புக்கூடு. சுவர்களை ஆலமர வேர்கள் பின்னிப் பிடித்திருக்கின்றன. அழகுதான், அந்த அழகை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே வைத்திருக்கும் பலகைகள் அறைகளின் பெயரைச் சொல்கின்றன. அந்த அறைகளுக்கு யார் கல் சுமந்தார்கள், யார் விசிறி இழுத்தார்கள், யார் அக்கரையிலிருந்து படகு வலித்து வந்தார்கள் என்று சொல்வதில்லை. கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் கொதிகலன் ஆலை ஒன்றின் மிச்சமும் அங்கே இருக்கிறது. என்னைக் கேட்டால் தீவில் மிக முக்கியமான சின்னம் அதுதான். ஒரு பெரிய நிலப்பரப்பு எதிரிலேயே இருக்கும்போது, தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாவது தனித்தீவில் இருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள் என்றால், தங்களுக்கும் தங்கள் கைதிகளுக்கும் நடுவே கடல் இருப்பதை எவ்வளவு அவசியமாகக் கருதியிருக்க வேண்டும்!

இதே ராஸில்தான் 1863இல் ஹென்றி கார்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் அந்தமானியருக்கான ஓர் இல்லம் தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859 மே மாதம், அபர்தீன் கரையில் கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர் திரண்டு வந்து குடியேற்றத்தைத் தாக்கினார்கள். தப்பியோடி ஓராண்டு அவர்களோடு வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து எச்சரித்ததால் ஆங்கிலேயர் தயாராக இருந்தார்கள். வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் நிற்கவில்லை. அதன் நினைவாக ஊரில் ஒரு தூண் இருக்கிறது. போரில் வெல்ல முடியாதவர்களை இல்லத்தில் வைத்து ‘நாகரிகப்படுத்துவது’ அடுத்த கட்டம். அந்த இல்லங்கள் வழியே 1876இல் மேகநோயும் 1877இல் தட்டம்மையும் பரவின. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். இன்று ஸ்ட்ரெயிட் தீவைச் சார்ந்து ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள். அவர்களின் மொழிகளில் ஒன்றான போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார். ராஸுக்குப் போகும் பயணி மறுநாள் குளிக்கப் போகும் கடற்கரையின் பெயர் கார்பின்ஸ் கோவ். அந்தப் பாதிரியாரின் பெயர்தான் அது. பெயர் நிலைத்துவிட்டது, இல்லம் இருந்ததற்குத் தீவில் பயணியின் கண்ணில் படும்படி எதுவும் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். செல்லுலார் சிறை விடுதலைப் போராட்ட வீரர்களின் தியாகத் தலம். அதோடு திருடர்களையும் கொலைக் குற்றவாளிகளையும் ஒரே மூச்சில் பேசுவது அந்தத் தியாகத்தைக் குறைத்துவிடாதா? கேட்கிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் அதை தேசிய நினைவகமாக அர்ப்பணித்தது மிகச் சரியான செயல். ஆனால் அந்தச் சிறை எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்த்தால் மறுப்பு தளர்ந்துவிடுகிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்த ஏழு கிளைக் கட்டடம், தீவின் தண்டனை முறைக்கே நுழைவாயிலாக அமைந்தது. புதிதாக வந்த கைதி முதல் ஆறு மாதம் அங்கே தனிக்கொட்டடியில் இருப்பார். பிறகு ஒன்றரை ஆண்டு பிறரோடு சேர்ந்த சிறை. பிறகு மூன்று ஆண்டு கொட்டகையில் தங்கிக் கூட்டமாகக் கடும் உழைப்பு. அதன்பின் சற்றுத் தளர்ந்த வேலை. பத்து ஆண்டு கழிந்து நன்னடத்தை இருந்தால் நிலம் பெற்று உழுது பிழைக்கலாம், பெண் கைதியை மணக்கலாம். பெண்களுக்குச் சவுத் பாயிண்டில் தனிச்சிறை. இந்தப் படிக்கட்டின் ஒவ்வொரு படியும் வளைகுடாவின் வெவ்வேறு இடத்தில் இருந்தது. படியேறி முடித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று ‘லோக்கல் பார்ன்’ என்று அறியப்படும் சமூகம். சாதியும் மதமும் மொழியும் கலந்து, இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்ட மக்கள். அரசியல் கைதிகளுக்குச் செக்கிழுப்பும் தனிமையும் ஏன் அவ்வளவு கொடுமையாக விதிக்கப்பட்டன என்பதும் இந்த முறையோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும்: மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. ஆக, சாதாரணக் கைதியின் கதையைச் சேர்ப்பது வீரர்களின் கதையைக் குறைக்காது. அவர்களுக்கு இழைக்கப்பட்டது எவ்வளவு என்று அளந்து காட்டும்.

இன்னொரு மறுப்பு, ஆம்ஸ்டர்டாமோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்பது. அது மனிதர் வெட்டிய நீர், இது கடல். வேறுபாடு உண்மைதான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. போர்ட் பிளேரின் கரையும் கையால் மாற்றப்பட்டதே. 1912இல் எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ் என்ற மலேரியா ஆய்வாளர் இந்தத் தீவுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். கடல்நீர் ஏறி இறங்கும் உப்புச் சதுப்புகளில் பெருகும் ஒருவகைக் கொசுவே இங்கே காய்ச்சலைப் பரப்புகிறது, அதனால்தான் சதுப்பை ஒட்டிய கொட்டகைகளில் நோய் மிகுதி என்று அவர் காட்டினார். அலையாத்திக் காட்டை வெட்டியதும், அணை போட்டதும், சதுப்பை மண்ணிட்டு மேடாக்கியதும் கைதிகள். நெதர்லாந்துக்காரர்கள் நீரை விலக்கி நிலம் எடுத்ததற்கு உலகம் கைதட்டுகிறது. அதே வகை வேலை இங்கே காய்ச்சலோடு, சில இடங்களில் சங்கிலியோடு நடந்தது; அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீர் திரும்பியும் வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஊரிலிருந்து வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் பகுதியில், முன்பு விளைநிலமாக இருந்த இடத்தில் கடல்நீர் நிரந்தரமாக நிற்கிறது. இந்த ஊரில் நிலத்துக்கும் நீருக்கும் நடுவே உள்ள கோடு முடிந்துபோன விஷயமே அல்ல.

விடுமுறைக்கு வந்தவர்களை ஏன் வாட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் அனுபவம் இங்கே உதவும். அந்தக் கால்வாய்க் கரை மாளிகைகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த நகரம் நெடுங்காலம் வாய்திறந்து பேசவில்லை. அதில் நம் கரையின் பங்கும் உண்டு. டச்சுக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியில் வந்த பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. பத்தாவியாவும் டச்சுக்காரர்கள் கால்வாய் வெட்டிக் கட்டிய நகரமே. 2021 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாம் மேயர் ஃபெம்கே ஹால்செமா, அடிமை வணிகத்தில் நகர ஆட்சிக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஆண்டு கழித்து மன்னர் வில்லெம்-அலெக்சாண்டரும் கேட்டார். அதனால் அங்கே படகு ஏறுகிறவர் யாரும் குறைந்துவிடவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அந்த நகரத்தின் இன்றைய கவலை. உண்மையைச் சொன்னால் சுற்றுலா படுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

பெயர்களை மாற்றியாயிற்று, காலனியச் சுவடு போயிற்று, இனி அதைக் கிளறுவானேன் என்பது கடைசி மறுப்பு. பெயர் மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. மவுண்ட் ஹேரியட்டை 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றியது ஒரு நல்ல உதாரணம்: 1891 போருக்குப் பிறகு நாடுகடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலசந்திராவும் அவருடைய ஆட்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள், அந்தப் பெயர் ஒரு மறந்த கதையைத் திருப்பிக் கொண்டுவந்தது. பெயர் மாற்றம் கதையைக் கொண்டுவர வேண்டும், மூடக்கூடாது. ராஸுக்கு நேதாஜியின் பெயர் வந்ததால், 1943 டிசம்பரில் அவர் இந்த ஊருக்கு வந்து கொடியேற்றிய வரலாறு முன்னே வந்திருக்கிறது. அதற்கு முந்தைய எண்பது ஆண்டுக் கதையும் அதே பலகையில் இடம்பெறத் தடை எதுவும் இல்லை.

பயணிக்கு இதெல்லாம் நடைமுறையில் எப்படி முடியும் என்றால், பெரும்பகுதி இப்போதே முடியும். சாத்தம் ஒரு சிறு பாலத்தால் ஊரோடு இணைந்திருக்கிறது. 1883இல் தொடங்கிய மர ஆலையையும், படவுக் மரத்தின் சிவப்பையும், ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளத்தையும் பார்த்துவிட்டு, பக்கத்து ஜெட்டியிலிருந்து பேம்பூஃப்ளாட் போகும் ஃபெர்ரியில் ஏறலாம். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் லாரிகளும் ஏறும் சாதாரணப் படகு அது. கட்டணம் மிகக் குறைவு. அக்கரையில் இறங்கினால் ஹோப்டவுனும் மலைக்குப் போகும் பாதையும் பக்கத்தில். மலைமேலிருந்து பார்த்தால் வளைகுடா முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும்: வாயிலில் ராஸ், தென்கரை முனையில் சிறையின் எஞ்சிய மூன்று கிளைகள், நடுவே சாத்தம், உள்ளே வைப்பர். ராஸுக்கு அதன் பிறகு போகலாம். வைப்பருக்குப் படகு ஓடும் நாளில் தவறவிடக்கூடாது. மேட்டின் மேல் நிற்கும் தூக்குமேடைக் கட்டடம், ராஸின் மாளிகைக்கு எதிர்முனை. நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ராஸ், அபர்தீன், சாத்தம், வைப்பர், ஹோப்டவுன் ஐந்தையும் ஒரே சீட்டில் ஒரே படகில் காட்டும் ஒரு நாள் பயணத்தை நிரந்தரமாக ஓட்டுவது, ஒவ்வொரு ஜெட்டியிலும் தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில், அங்கே யார் என்ன வேலை செய்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதிய ஒரு பலகையை நடுவது.